வக்கீல் வீட்டுப் பரண்: வாசகர் கேள்விகள்

பழைய குடும்பக் காகிதங்களைப் பாதுகாப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வசிக்கும் வாசகர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். அங்கே கோர்ட் ஹவுஸைச் சுற்றி வளர்ந்த சிறு நகரங்களில், தலைமுறை தலைமுறையாக வக்கீல் தொழில் செய்த பெரிய குடும்பம் ஒன்றாவது இருக்கும். வீடு கைமாறும்போது அந்தக் காகிதங்கள் குப்பைக்குப் போகின்றன. அப்படிப் போகாமல் தடுப்பது பற்றித்தான் இந்த மாதக் கேள்விகள்.

கேள்வி: என் கணவரின் தாத்தாவும் அவருடைய அப்பாவும் ஜார்ஜியாவில் ஒரு சிறு ஊரில் வக்கீல்கள். மாமியார் வீட்டை விற்கிறார். பரணில் இரண்டு டிரங்குப் பெட்டி, நான்கு இழுப்பறை இரும்பு அலமாரி ஒன்று, மூட்டை மூட்டையாகக் கேஸ் கட்டுகள். குடும்பக் கடிதங்களை மட்டும் வைத்துக்கொண்டு கேஸ் கட்டுகளை எறிந்துவிடலாம் என்கிறார் அத்தை. மூன்று வாரம்தான் இருக்கிறது. எங்கே தொடங்குவது? (ஒரு வாசகி, ஜார்ஜியா)

அத்தையிடம் பக்குவமாகச் சொல்லி, கேஸ் கட்டுகள் வாசலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடிதங்களைவிட அவற்றுக்கு மதிப்பு கூடுதலாக இருக்கலாம்.

தென் மாநிலங்களில் உள்நாட்டுப் போரிலும் அதற்குப் பிறகு வந்த தீ விபத்துகளிலும் எரிந்த கோர்ட் ஹவுஸ்கள் ஏராளம். வம்சம் தேடுபவர்கள் 'எரிந்த கவுண்டிகள்' (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) என்றே தனியாகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட கவுண்டியில், வக்கீல் தன் கைவசம் வைத்திருந்த நகல்தான் மிஞ்சிய ஒரே நகலாக இருக்கலாம்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு வயது, பால், நிறம் ஆகியவற்றைத் தவிரப் பெரும்பாலும் எதுவும் இருக்காது. விடுதலை பெற்ற மக்கள் எல்லோரையும் பெயரோடு எண்ணியது 1870-ல்தான். அதற்கு முந்தைய தலைமுறையைத் தேடும் ஒரு கறுப்பினக் குடும்பத்துக்குப் பெயர் கிடைக்கக்கூடிய இடங்கள் மிகச் சில: தோட்ட முதலாளி இறந்தபின் எழுதிய சொத்துப் பட்டியல், பாகப்பிரிவினை, விற்பனைச் சீட்டு, அடமானப் பத்திரம். இவற்றையெல்லாம் எழுதியவர் அந்த ஊர் வக்கீல். பிந்தைய கட்டுகளில் பயிர் அடமானம், குத்தகைச் சண்டை, ரயில் பாதைக்கு நிலம் எடுத்தது, மரம் வெட்டும் உரிமை, தாய்ப்பத்திரத்திலிருந்து தொடங்கும் நில உரிமைச் சுருக்கங்கள் எல்லாம் இருக்கும். நிலம் யாரிடமிருந்து யாருக்கு, என்ன கணக்கில் போனது என்பது அங்கேதான் தெரியும்.

இனி மூன்று வாரத்தில் செய்ய வேண்டியது. முதல் நாள் எதையும் நகர்த்தாமல் படம் எடுங்கள். பரண் முழுவதையும், பிறகு ஒவ்வோர் இழுப்பறையையும், ஒவ்வொரு கட்டின் மேல் எழுத்தையும் எடுங்கள். இழுப்பறைக்கும் பெட்டிக்கும் எண் கொடுங்கள். 'அலமாரி 1, இழுப்பறை 3, முன்பக்கம்' என்பதுபோல் ஒரு நோட்டில் பென்சிலால் குறித்து, அதே எண்ணை அட்டைப் பெட்டியிலும் எழுதுங்கள். பேனா வேண்டாம்.

ஆர்வமாக உதவ வருகிறவர்கள் செய்யும் தவறு, எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்க ஆரம்பிப்பது. தாத்தா எதை எதோடு சேர்த்துக் கட்டி வைத்தார் என்பதே ஒரு தகவல். தேதியில்லாத ஒரு துண்டுச் சீட்டு எந்த வழக்கைச் சேர்ந்தது என்பதை அதன் பக்கத்துக் காகிதம்தான் சொல்லும். கலைத்துவிட்டால் திரும்பக் கட்ட முடியாது. சமையல் குறிப்பு வழக்குக் கட்டுக்குள் கிடந்தால் அங்கேயே இருக்கட்டும்.

பிறகு பரணிலிருந்து இறக்குங்கள். அங்கே கோடையில் பரணின் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 10 டிகிரி கூடினால் காகிதம் நொறுங்கிப்போகும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். இடம் மாற்றுவதற்கு 15 × 12 × 10 அங்குல ஆவண அட்டைப் பெட்டி போதும். நீளமான வக்கீல் தாளுக்கான கோப்பு அதில் ஒரு பக்கமாகவும் சாதாரணத் தாளுக்கான கோப்பு மறுபக்கமாகவும் உட்காரும். ஒருவர் தூக்கும் எடைக்கு மேல் நிரப்பாதீர்கள். அடி பிய்ந்துவிடும்.

நிரந்தரப் பெட்டி வாங்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். வக்கீல் தாள் 8.5 × 14 அங்குலம். கூட்டாட்சி நீதிமன்றங்கள் இந்த அளவைக் கைவிட்டதே 1980-களின் தொடக்கத்தில்தான். ஆகவே பழைய கட்டுகள் பெரும்பாலும் நீளத் தாளாகவே இருக்கும். விலை குறைவென்று சிறிய பெட்டி வாங்கி அடியை மடித்து நுழைத்தால், சில வருடங்களில் மடிப்பிலேயே முறியும். 15.25 × 10.25 × 5 அங்குலப் பெட்டிதான் வேண்டும். 25 அங்குல ஆழமுள்ள இழுப்பறை ஒன்றுக்கு இப்படி 5 பெட்டி, உங்கள் அலமாரிக்கு 20 பெட்டி ஆகும். ஒரு கோப்பில் அரை அங்குலத்துக்கு மேல் வைக்க வேண்டாம். கோப்பும் பெட்டியும் அமிலமற்றவையாக, கால்சியம் கார்பனேட் சேர்த்தவையாக இருக்கட்டும்.

வைக்கும் இடம் வெளிச்சுவரை ஒட்டாத உள்ளறை அலமாரி. தரையிலிருந்து 10 சென்டிமீட்டராவது உயரம் வேண்டும். வெப்பம் 21 டிகிரிக்குக் கீழே, ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் வரை. 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வரும். வீட்டைக் காலி செய்துவிட்டு, விற்பனை முடியும்வரை ஏ.சி.யை நிறுத்திவைப்பார்கள். நூறு வருடம் தாங்கிய காகிதம் அந்த ஒரு மாதத்தில் பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: எல்லாக் காகிதமும் மூன்றாக மடித்து, சிவப்பு நாடாவால் கட்டி, ஊசி குத்தி இருக்கிறது. பிரித்தால் மடிப்பில் உடைகிறது. (அலபாமாவிலிருந்து, ஒரு நூலகத் தன்னார்வலர்)

அந்தக் காலக் குமாஸ்தாக்கள் புறாக்கூண்டு போன்ற சிறு அறைகளில் சொருகுவதற்காக மடித்தார்கள். வழக்கின் பெயரை வெளி மடிப்பில் எழுதினார்கள். அந்த எழுத்து முக்கியம், அது தேயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாடா நாம் 'சிவப்பு நாடா' என்று அரசாங்கத் தாமதத்தைச் சொல்கிறோமே, அதே நாடாதான். ஈரம் பட்டால் அதன் சாயம் காகிதத்தில் இறங்கும். அவிழ்த்து எடுத்துவிட்டு, சாயமேற்றாத பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள்.

துரு ஏறிய கிளிப்பை இழுக்காதீர்கள். மைலார் என்று விற்கும் பாலியெஸ்டர் படலத்தில் சிறு துண்டு வெட்டி, கிளிப்புக்கும் காகிதத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் நுழைத்து, அதன் மேல் கிளிப்பை நழுவவிடுங்கள். ஸ்டேப்பிள் என்றால் பின்பக்கக் கால்களை மெல்லிய தட்டைக் கத்தியால் நிமிர்த்தி, முன்பக்கமாக எடுங்கள். கடையில் விற்கும் பல் வைத்த ஸ்டேப்பிள் எடுப்பான் மூலையைக் கிழிக்கும். ரப்பர் பேண்டு உருகி ஒட்டியிருந்தால், தானாக உதிர்வதை மட்டும் எடுங்கள்.

மடிப்பை நிமிர்த்தக் காகிதத்துக்கு ஈரக் காற்று கொடுக்க வேண்டும். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் நனைத்துப் பிழிந்த ஒற்றுத்தாள் இரண்டு மூன்று விரியுங்கள். அதன் மேல் கால் வைத்த கம்பித் தட்டு. தட்டின் மேல் உலர்ந்த ஒற்றுத்தாள் போட்டு, காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் வையுங்கள். மூடியிலிருந்து நீர் சொட்டாமலிருக்க மேலேயும் ஓர் ஒற்றுத்தாள். இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை திறந்து பாருங்கள். தளர்ந்ததும் விரித்து, இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே, மேலே சமமான பாரம் வைத்து ஒரு நாள் விடுங்கள். நடுவில் ஒற்றுத்தாளை ஒரு முறை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை வரும். இரவு முழுக்கத் தொட்டியில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

ஊதா மை, முத்திரை மெழுகு, தோல் காகிதம், புகைப்படம், பூஞ்சை பிடித்தது, எழுத்தைச் சுற்றிப் பழுப்பேறி விரிந்தது எதையும் இந்தத் தொட்டிக்குள் வைக்கக் கூடாது.

கையுறை போட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். காகிதத்துக்குப் பருத்திக் கையுறை வேண்டாம். தாளின் ஓரம் எங்கே இருக்கிறது என்பது விரலுக்குத் தெரியாமல் கிழிப்பீர்கள். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டால் போதும். புகைப்படத்துக்கு மட்டும் ரப்பர் கையுறை.

கேள்வி: தடித்த பைண்டு புத்தகம் ஒன்றில் டிஷ்யூ போன்ற தாளில் ஊதா எழுத்து, கலங்கலாக, சில பக்கங்களில் திருப்பி எழுதியதுபோல் இருக்கிறது. இது என்ன? வேறு சில கடிதங்களில் எழுத்து இருந்த இடமே ஓட்டையாகிவிட்டது. (வட கரோலினா)

முதலாவது அச்சழுத்தப் பிரதிப் புத்தகம். கார்பன் தாள் பரவுவதற்கு முன், கடிதத்தைச் சிறப்பு மையில் எழுதி, நனைத்த மெல்லிய தாளோடு சேர்த்து இரும்பு அழுத்தியில் அழுத்துவார்கள். மை தாளில் ஏறும். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் பதியும், தாளின் மறுபக்கத்திலிருந்து படிக்க வேண்டும். ஜேம்ஸ் வாட் 1780-ல் உரிமம் வாங்கிய முறை இது. வக்கீல் அனுப்பிய கடிதங்கள் ஊரெல்லாம் சிதறிப்போயிருக்கும். அவர் என்ன பதில் எழுதினார் என்பது இந்தப் புத்தகத்தில்தான் உண்டு. பெட்டி முழுவதிலும் இதை முதலில் காப்பாற்றுங்கள். அந்த ஊதா மை தண்ணீரில் கரையும், வெளிச்சத்தில் வெளுக்கும். படுக்கவைத்துப் பெட்டியில் மூடி வையுங்கள். படம் பிடிக்கும்போது பக்கத்தின் பின்னே வெள்ளைத் தாள் ஒன்றை நுழைத்தால் எழுத்து தெளியும். அழுத்தி விரிக்காதீர்கள், முதுகுத் தையல் விடும்.

இரண்டாவது இரும்பு மை. மாசிக்காயின் துவர்ப்பும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்தது. அதிலிருக்கும் அமிலமும் இரும்பும் காகிதத்தை மெல்ல அரித்து, எழுத்தின் வடிவத்திலேயே துளை போடும். ஈரம் பட்டால் இரும்பு நகர்ந்து, அரிப்பு பக்கத்துத் தாளுக்கும் பரவும். ஒவ்வொரு தாளுக்கும் தனி மடிப்புத் தாள் கொடுத்து, ஈரப்பதம் ஏறி இறங்காத இடத்தில் வையுங்கள். டேப் ஒட்டாதீர்கள். விரிந்த தாளைப் பாலியெஸ்டர் உறையில் போட்டு அசையாமல் வைப்பது போதும். தைக்கவோ ஒட்டவோ வேண்டுமென்றால் பயிற்சி பெற்ற காகித மராமத்துக்காரரிடம் கொடுங்கள்.

1950-களின் கட்டுகளில் பழுப்பேறி மொறமொறவென்று இருக்கும் நகல்களையும் பார்ப்பீர்கள். அவை சூட்டில் எடுத்த தெர்மோஃபேக்ஸ். சூட்டிலும் வெளிச்சத்திலும் முழுக்கக் கறுத்துவிடும். அவற்றை இன்றே ஸ்கேன் செய்யுங்கள்.

கேள்வி: நம் ஊர் வழக்கப்படி அந்துருண்டையும் வேப்பிலையும் போட்டு வைக்கலாமா? வெள்ளிப்பூச்சி நிறைய. (லூசியானா)

இரண்டும் வேண்டாம். அந்துருண்டையின் ஆவி உடலுக்குக் கெடுதல், பிளாஸ்டிக்கையும் பாதிக்கும். ஆவணக் காப்பகம் அந்த வாடையுள்ள பெட்டியை வாங்கத் தயங்கும். இலை காய்ந்து பொடியாகிக் கறைபடுத்தும். வெள்ளிப்பூச்சி பசையையும் மாவையும் தேடி வருகிறது, ஈரம் இருந்தால்தான் தங்கும். ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே இறக்கினால் பாதி வேலை முடிந்தது. உயிருள்ள பூச்சி தென்பட்டால் பெட்டியை பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் உறையவையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் குளிர்ந்த காகிதத்தில் நீர் கோத்துவிடும். கண்ணாடித் தட்டுப் புகைப்படங்களை உறையவைக்க வேண்டாம்.

கேள்வி: கொள்ளுத்தாத்தாவின் நிலப் பத்திரங்கள் பிளாஸ்டிக் பூசியதுபோல் இருக்கின்றன. வினிகர் வாடை அடிக்கிறது. (வர்ஜீனியா)

அது செல்லுலோஸ் அசிடேட் லேமினேஷன். வர்ஜீனியாவில் வில்லியம் பாரோ என்பவர் 1930-களில் இதை வளர்த்தெடுத்தார். தென் மாநிலங்களின் ஏராளமான கவுண்டிப் பதிவேடுகள் இப்படிப் பூசப்பட்டன. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். இப்போது அந்தப் படலமே சிதைந்து அமிலம் விடுகிறது. வாடை அதற்கு அடையாளம். உரிக்காதீர்கள், இஸ்திரி போட்டு இளக்காதீர்கள். மற்றக் காகிதங்களிலிருந்து பிரித்து, குளிர்ந்த இடத்தில், காற்றோட்டத்தோடு வையுங்கள். கரைப்பான் கொண்டு நீக்குவது நிபுணர் வேலை. உங்கள் வீட்டு லேமினேட்டரில் எந்தப் பழைய காகிதத்தையும் நுழைக்காதீர்கள்.

கேள்வி: மாமனார் மிசிசிப்பியில் வக்கீல். இரண்டு வருடம் முன்பு காலமானார். கட்சிக்காரர்களின் ரகசியங்கள் இருக்குமே, காப்பகத்துக்கு எப்படிக் கொடுப்பது? கோர்ட் முத்திரை போட்ட மூலப் பத்திரங்களும் சில இருக்கின்றன. (ஒரு வாசகர்)

இதில் மிகுந்த கவனம் தேவை. கட்சிக்காரருக்கும் வக்கீலுக்கும் இடையிலான ரகசியம் கட்சிக்காரர் இறந்த பிறகும் நீடிக்கும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1998-ல் தீர்ப்பளித்திருக்கிறது. அர்கன்சாஸிலிருந்து வெள்ளை மாளிகைக்குப் போன வக்கீல் வின்சென்ட் ஃபாஸ்டர், இறப்பதற்குச் சில நாள் முன்பு இன்னொரு வக்கீலிடம் பேசியதன் குறிப்பைப் பற்றிய வழக்கு அது. ஆகவே மாமனாரின் வாரிசுகள் கையெழுத்திட்டு அந்த ரகசியத்தை அவிழ்த்துவிட முடியாது.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். முதலில் மாநில வழக்கறிஞர் சங்கத்தின் தொழில்நெறிப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சமீப காலத்துக் கட்டுகளைத் தனியாக வைத்து, கட்சிக்காரர்களுக்குத் திருப்பித் தர வேண்டியவற்றை ஒரு வக்கீலின் மேற்பார்வையில் திருப்புங்கள். நீங்களே உட்கார்ந்து படித்துப் பிரிக்காதீர்கள். மூல உயில் கிடைத்தால் அது நீதிமன்றத்துக்குப் போக வேண்டியது. மிசிசிப்பியில் சான்சரி நீதிமன்றம், அலபாமாவிலும் ஜார்ஜியாவிலும் புரோபேட் நீதிமன்றம், வட கரோலினாவில் சுப்பீரியர் கோர்ட் குமாஸ்தா. பழைய கட்டுகளைக் காப்பகத்துக்குக் கொடுக்கும்போது, இத்தனை வருடம் திறக்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுதலாம். முடிகிற தேதியோடு எழுதுங்கள். 'குடும்பத்தின் அனுமதியோடு' என்று எழுதினால், 40 வருடம் கழித்து யாரிடம் அனுமதி கேட்பது?

கோர்ட் முத்திரை விஷயம். அந்தக் காலத்தில் வக்கீல்கள் கோர்ட் கட்டை வீட்டுக்கு எடுத்துப் போய்த் திருப்பாமல் விட்டது சகஜம். பின்பக்கத்தில் குமாஸ்தா தாக்கல் செய்ததாக எழுதிய குறிப்பும் தேதியும் இருந்தால், அது மாமனாரின் சொத்து ஆகாமல் இருக்கலாம். வக்கீலின் நகலில் பொதுவாக அந்தக் குறிப்பு இருக்காது. 1760-களில் அரசுத் தரப்பு வக்கீல் வில்லியம் ஹூப்பர் கையெழுத்திட்ட இரண்டு குற்றப் பத்திரிகைகள் மாநிலத்துக்கே சொந்தம் என்று வட கரோலினா உச்ச நீதிமன்றம் 1977-ல் சொன்னது. அந்த மாநிலம் இதில் சளைக்காதது. 1865-ல் ராலியிலிருந்து ஒரு சிப்பாய் தூக்கிப்போன அமெரிக்க அரசியல் சட்ட உரிமைச் சாசனப் பிரதியை 2003-ல் மீட்டது. அப்படிப்பட்ட காகிதத்தை விற்க முயல வேண்டாம். படம் எடுத்து, மாநில ஆவணக் காப்பகத்துக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி: சில கடிதங்கள் படிக்கவே கூசுகின்றன. கறுப்பின மக்களை இழித்து எழுதியவை, 1950-களில் பள்ளிகளைப் பிரித்தே வைக்க வேண்டும் என்று கூட்டம் போட்ட விவரங்கள். குடும்பத்தார் எரித்துவிடச் சொல்கிறார்கள். (டென்னசி)

எரிக்காதீர்கள். நிறப் பிரிவினையைக் காக்க அமைந்த வெள்ளையர் குடிமக்கள் கவுன்சில் 1954-ல் மிசிசிப்பியின் இந்தியனோலாவில் தொடங்கியபின் ஊர் ஊராகப் பரவியது. அதில் சேர்ந்தவர்கள் ஊரின் பெரிய மனிதர்கள். என்ன பேசினார்கள், யாருக்கு வேலை போக வைத்தார்கள், எந்தக் கடனை நிறுத்தினார்கள் என்பதற்கு அவர்கள் வீட்டுக் காகிதமே சாட்சி. பாதிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதைப் பார்க்க உரிமை உண்டு என்றே நாங்கள் நினைக்கிறோம்.

உதாரணத்துக்கு, வட கரோலினாவின் மார்கன்டனில் எர்வின் குடும்பம் இருக்கிறது. அப்பா வக்கீல். மகன் சாம் எர்வின் தன்னை நாட்டுப்புற வக்கீல் என்றே சொல்லிக்கொண்டவர், செனட்டராகி 1973-ல், அதிபர் நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் ஊழலின் விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். அவர் மகன் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிபதியாகவும், பேரன் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தார்கள். அதே சாம் எர்வின்தான் 1956-ல் பள்ளிகளில் நிறப் பிரிவினை ஒழிவதை எதிர்த்த தென் மாநில அறிக்கையில் கையெழுத்திட்டவர். அவருடைய காகிதங்கள் சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஒரு பாதியை எடுத்துவிட்டால் மற்றப் பாதியும் புரியாது.

உயிரோடிருப்பவர்களுக்குத் தீங்கு வரும் என்றால் காலக்கெடு போட்டு மூடி வையுங்கள். அதற்கு வழி இருக்கிறது. எரித்ததற்கு வழி இல்லை.

கேள்வி: நான்கு வாரிசுகள். ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிக்கலாமா, அல்லது யாரிடம் கொடுப்பது? வரிச் சலுகை உண்டா? (தென் கரோலினா)

பிரிக்காதீர்கள். கடிதம் ஒருவரிடம், அதன் பதில் இன்னொருவரிடம், உறையின் தபால்தலை ஏலத்தில் என்று போய்விடும். உறையில்தான் பெரும்பாலும் தேதியும் ஊரும் இருக்கும். நால்வருக்கும் நல்ல ஸ்கேன் பிரதி ஒன்று கொடுங்கள் (அங்குலத்துக்கு 400 புள்ளி அடர்த்தியில், டிஃப் (TIFF) படக் கோப்பாக, மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில்). மூலம் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

இடம் தேர்வதற்கு, அந்தக் குடும்பத்தின் காகிதத்தை யார் தேடி வருவார்கள் என்று யோசியுங்கள். ஒரு கவுண்டிக்குள் அடங்கிய தொழில் என்றால், குளிர்சாதனமும் நிரந்தர ஊழியரும் உள்ள கவுண்டி நூலகம் நல்லது. இரண்டும் இல்லையென்றால் மாநிலக் காப்பகம். அலபாமாவில் 1901-ல் தொடங்கியது நாட்டின் முதல் மாநில ஆவணக் காப்பகம், அதை உருவாக்கிய தாமஸ் ஓவனும் வக்கீல்தான். சேப்பல் ஹில்லின் தென்னக வரலாற்றுத் தொகுப்பு 1930-லிருந்து இருக்கிறது. அதைத் தொடங்கிய ஹாமில்டன் காரில் ஊர் ஊராகப் போய்ப் பரண்களைக் காலி செய்து வந்ததால் 'சூறையாடி' ஹாமில்டன் என்றே பெயர் வாங்கியவர்.

வரி விஷயத்தில், வக்கீல் தானே எழுதிய காகிதங்களைத் தானே கொடுத்தால் 1969 சட்டத்துக்குப் பிறகு பெரிதாகக் கழிவு கிடைக்காது. வாரிசாகப் பெற்றவர்களின் நிலை வேறு. 5,000 டாலருக்கு மேல் மதிப்புக் காட்டுவதானால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் சான்றும் படிவம் 8283-ம் வேண்டும். வாங்கும் காப்பகமே மதிப்புப் போட முடியாது. மதிப்பீட்டைக் காகிதம் வீட்டில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். காகிதத்தைக் கொடுத்துவிட்டாலும் பதிப்புரிமை உங்களிடமே நிற்கலாம், அதையும் கொடுக்கிறீர்களா என்பதைப் பத்திரத்தில் தெளிவாக எழுதுங்கள். வந்த கடிதங்களின் உரிமை மட்டும் எழுதியவர்களுடையது, அதை உங்களால் கொடுக்க முடியாது. தேவையில்லை என்று காப்பகம் ஒதுக்கும் கட்டுகள் திரும்ப வர வேண்டுமா, வேறு காப்பகத்துக்குப் போக வேண்டுமா என்பதையும் அதே பத்திரத்தில், கையெழுத்திடும் முன்பே, நால்வரும் சேர்ந்து முடிவு செய்து எழுதிவிடுங்கள்.